ஆங்கில வினைகளும் ‘ஒழுங்கின்மை’ என்னும் குறியீடும்

ஆங்கில இலக்கண நூலார் அம்மொழி வினைகளை ஒழுங்குடை வினை, ஒழுங்கில் வினை என இரண்டாகப் பகுப்பர். இறந்தகாலத்தில் ‘எட்’ என்னும் ஈறு ஏற்பன முன்னவை; ஏலாது பிறவாறு திரிவன பின்னவை. 1762இல் இராபர்ட் லவுத் வெளியிட்ட இலக்கணத்திலும் இப்பகுப்பு உண்டு. இன்றைய பாடநூல்களும் பின்னவற்றைப் பட்டியலாகத் தந்து மனப்பாடம் செய்யப் பணிக்கின்றன. பயில்வார்க்கு இஃது எளிய வழியே. எனினும், மொழியியல்பை உரைக்கும் கூற்றாக இஃது எத்துணைப் பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

பட்டியலில் அடங்கியவை ஓரினத்தன அல்ல. அவற்றுள் மூவகையேனும் உண்டு. ‘சிங் – சேங் – சங்’ (பாடு), ‘டிரைவ் – டிரோவ் – டிரிவன்’ (ஓட்டு) போல்வன உயிர்மாற்றத்தால் காலங்காட்டுவன. இம்மாற்றம் மனம்போன போக்கில் நிகழ்ந்ததன்று. தொல்லாங்கிலத்தில் இத்தகையன ஏழு வகுப்புகளாக முறைப்பட நின்றன. இனமொழியாகிய ஜெர்மனில் ‘சிங்கென் – சாங் – கெசுங்கென்’ என இன்றும் அம்முறை விளங்குகின்றது. புறத்துணை வேண்டாது தம்முயிர் திரிந்தே காலங்காட்டலின் யாக்கோபு கிரிம் இவற்றை வலிய வினை என்றார். ஈறு வேண்டுவனவற்றை மெலிய வினை என்றார். உயிர்மாற்றம் இந்தோ-ஐரோப்பிய முதன்மொழிக்காலத்தது. ‘எட்’ ஈறோ ஜெர்மானியக் கிளையில் பின்னர்த் தோன்றியது. எனவே, ஒழுங்கில்லாதன எனப்படுவனவே மூத்த ஒழுங்கின் எச்சங்களாம்.

இரண்டாம் வகை ‘கீப் – கெப்ட்’ (வைத்துக்கொள்) போல்வன. இவை பிறப்பால் மெலிய வினைகளே. இருமெய் தொடர்ந்துவர அவற்றின் முன்னின்ற நெடில் குறுகிற்று. பிற்காலத்தே நெடில்கள் மட்டும் ஒலிப்பு மாறியமையால் இரு வடிவும் மேலும் விலகின. தமிழில் ‘காண்’ என்பது ‘கண்டான்’ எனவும், ‘வா’ என்பது ‘வந்தான்’ எனவும் குறுகுதலை நம் இலக்கணநூலார் விகாரம் என அமைப்பரேயன்றி ஒழுங்கின்மை என்னார். அக்கண்கொண்டு நோக்கின் ‘கெப்ட்’ என்பதும் விதிக்கு உட்பட்டதே.

மூன்றாம் வகை ‘கோ – வென்ட்’ (செல்) போல்வன. ‘வென்ட்’ என்பது திரும்புதற்பொருட்டாகிய வேறொரு வினையின் இறந்தகால வடிவம். ஒலிவிதி எதனாலும் இதனை ‘கோ’ என்பதினின்று பெறுதல் இயலாது. ஒழுங்கின்மை என்னும் பெயர் முழுதும் பொருந்துவது இத்தகைய மிகச் சிலவற்றிற்கே.

இனி, மரபான பகுப்பில் உண்மையே இல்லையோ எனின், உண்டு. புதுவினைகள் பெரும்பாலும் ‘எட்’ ஈறே ஏற்கின்றன. 1958இல் ஜீன் பெர்க்கோ, பொருளற்ற புதுச்சொற்களைச் சிறுவர்க்குக் கூறி, இறந்தகாலம் அமைக்கச் செய்தார். ‘கிளிங்’ என்னும் புனைசொல்லுக்குச் சிறுவர் பெரும்பாலும் ‘எட்’ ஈறே கூட்டினர். வளர்ந்தோருட் பலரோ ‘கிளேங்’ என்றனர். ‘எட்’ விதியின் ஆக்கமும், பழைய முறை முற்றும் அழியாமையும் இதனால் ஒருங்கே புலனாகும். மெலியதாயிருந்த ‘வேர்’ (அணி) என்பது ‘வோர்’ என்றும், பிரெஞ்சினின்று வந்த ‘சுட்ரைவ்’ (முயல்) என்பது ‘சுட்ரோவ்’ என்றும் ஆனமையும் இதற்குச் சான்று.

பழைய வடிவங்கள் நிலைத்தற்குக் காரணம் பயிற்சி மிகுதியே. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், தொல்லாங்கில ஒழுங்கில் வினைகள் 177ஐ ஆராய்ந்து, இடைக்கால ஆங்கிலத்தில் 145உம் இன்று 98உமே அவ்வாறு நிற்கக் கண்டனர். நூறுமடங்கு அருகி வழங்கும் வினை பத்துமடங்கு விரைவில் ‘எட்’ ஈற்றுக்கு மாறும் என்பது அவர்தம் கணிப்பு. ‘ஹோல்ப்’ மறைந்து ‘ஹெல்ப்ட்’ (உதவினான்) நின்றது. நாடொறும் நாவிற் பயிலும் ‘கேம்’ (வந்தான்) மாறாது நின்றது.

ஆதலின், அவ்விருவகைப் பகுப்பு உணர்த்துவது ஒழுங்கின் உண்மை இன்மைகளை அன்று. ஒரு விதி இன்றும் புதுச்சொல்லைத் தன்பால் ஈர்க்கும் ஆற்றலின் மிகுதி குறைவுகளையே. இவ்வேறுபாட்டை மறைத்தலின் ‘ஒழுங்கில் வினை’ என்னும் குறியீடு ஆராய்ச்சிக்கு ஏலாது. உயிர்மாற்ற வினை, விகார வினை, வேற்றுப்பகுதி வினை என மூன்றாக வகுத்துரைப்பின், மாணவர் மனப்பாடச் சுமையாகக் கருதும் பட்டியல் மொழி வரலாற்றின் ஆவணமாகத் தோன்றும்.