கடன்படாத சொற்கள்

மூவிடப் பெயர், எண்ணுப் பெயர், உறுப்புப் பெயர், முறைப்பெயர் ஆகியவை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்வதில்லை என்பது மொழிநூலார் கொள்கை. 1856-இல் திராவிட மொழிகளின் உறவை நிறுவ முற்பட்ட கால்டுவெல்லும் மூவிடப் பெயர்களையும் எண்ணுப் பெயர்களையும் பெருஞ்சான்றுகளாகக் கொண்டார். கொள்கை பெரும்பாலும் மெய்யே. ஆனால், அச்சொற்களுக்குப் பிறவியிலேயே ஏதோ புனிதம் உண்டென்பதுபோல் வகுப்பறைகளில் நாம் ஓதிவருவது பொருந்தாது.

பலூசிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயி நம் மொழிக்கு உறவுடையது. அதில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை மட்டுமே திராவிடச் சொற்கள்; நான்கு முதலாக அயலார் எண்களே வழங்குகின்றன. தமிழிலோ நூறு வரை நம்முடையவை. ஆயிரம் வடமொழிச் 'சகஸ்ர'த்தின் வழிவந்தது என்பர். தெலுங்கு 'வேயி' என்று தனக்குரிய சொல்லைக் காத்துக்கொண்டது. முறைப்பெயரும் அசையாததன்று, நமது 'அக்கா' சிங்கள வீடுகளிலும் அக்காவே. விரல்விட்டு எண்ணும் எண் வீட்டில் தங்குகிறது. கொடுக்கல் வாங்கலில் எழும் எண் எவன் கணக்கெழுதுகிறானோ அவன் மொழிக்குப் போய்விடுகிறது.

கணக்கெழுதுபவன் யார் என்பதை ஊவாத் தோட்டங்களின் பேச்சிலேயே காணலாம். கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தவின் பெயர் சிங்களம். 'பெத்த' என்றால் காடு. 'லயம்' ஆங்கில 'லைன்'. காலையில் ஆளெடுக்கும் 'பெரட்டு'ம், 'கொந்தரப்பு'ம் ஆங்கிலத்தின் திரிபுகளே. கொழுந்து நிறுத்த 'றாத்தல்' அரபு மூலத்தது. இன்று அதுவும் போய்க் கிலோ வந்துவிட்டது. குடியிருப்பும் தராசும் பிறருடையவை; பெயர்களும் அவர்களுடையவை. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் மீரியபெத்தவில் மண்சரிவு மனிதரோடு சேர்த்து மூடியது இந்த லயங்களைத்தான். ஆனால் கிள்ளுவது 'கொழுந்து', கிள்ளும் இடம் 'மலை', எண்ணுவது ஒன்று, இரண்டு, மூன்று. இவை மாறவில்லை.

இப்பேச்சைக் கலப்புத் தமிழ் என்று முகஞ்சுளிக்கும் பண்டிதர் இன்றும் உளர். பதுளை மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்றோரின் கதைகளை இவர்கள் சொற்களைச் சலித்துப் பார்த்தே படிக்கிறார்கள் போலும்! இவர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டலாம். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கும் அதன் கூலிக்கும் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்தெடுக்காத பெண்ணுக்கு 'அரைப் பேர்'. நாள் முழுதும் மலையில் நின்றவளின் பெயரையே பாதியாக வெட்டும் இச்சொல்லில் அயலெழுத்து ஒன்றும் இல்லை. கலப்பைத் தேடி அலையும் நம் பண்டிதர்கள் இதைக் குற்றமென்று குறித்ததை நான் கண்டதில்லை.