பிடுங்கினால் பூட்டு!

அடேயப்பா, இது இல்லாமல் இத்தனை வருஷம் எப்படித்தான் காலம் தள்ளினேனோ! லேப்டாப்பில் யூபிகீ என்ற யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியைச் செருகுகிறேன், குட்டியாக ஒரு பின் நம்பர் அடிக்கிறேன், சாவி மினுக்குகிறது, விரலால் ஒரு தொடு. திறந்துவிட்டது! நீளநீளக் கடவுச்சொல்லைத் தட்டி, கேப்ஸ் லாக்கைத் திட்டிய காலம் மலையேறிவிட்டது. உபுண்டுவில் நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளைக்கு அந்தப் பின் நம்பரும் வேண்டாம், தொட்டாலே போதும் என்று வைத்திருக்கிறேன். அந்த மினுக்கலுக்காகவே சும்மா சும்மா சூடோ கொடுக்கத் தோன்றுகிறது.

அதைவிட ஆனந்தம், எழுந்து போகும்போது. சாவியைப் பிடுங்கினேனோ இல்லையோ, திரை பூட்டிக்கொள்கிறது! இது தானாக வராது; சாதனங்கள் செருகப்படுவதையும் பிடுங்கப்படுவதையும் கவனிக்கும் யூடெவ்வில் விதி ஒன்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரே வரிதான். வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் தொங்குவதால், கணினியைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போக வழியே இல்லை.

பார்ப்பவர்கள் எல்லாம் "கைரேகையா?" என்கிறார்கள். என்னுடைய மாடலில் அது கிடையாது. யார் விரல் பட்டாலும் ஏற்கும். எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தொடல். திருடியவன் கையில் சிக்கினால் பின் நம்பர்தான் காவல். எட்டு முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்; பிறகு உள்ளே பதிந்ததை அழித்துத்தான் மறுபடி தொடங்க முடியும்.

இணையத்தில் இதன் கறார்தனம் இன்னும் அழகு. ரகசியச் சாவி சில்லை விட்டு வெளியே வருவதே இல்லை; பதிவு செய்த தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். ஓடிபியை நாம் ஏமாந்து போலித் தளத்தில் அடித்துவிடுவோம். இது ஏமாறாது. 2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்தது. மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தும் விட்டார்கள். அப்படியும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை, ஊழியர் ஒவ்வொருவரிடமும் இதுபோல ஒரு சாவி இருந்ததால்!

குறையா? கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் ஜிநோம் கீரிங் மட்டும் இன்னும் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கிறது. போகட்டும்.

வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். இரண்டையும் முதல் நாளே பதிவு செய்து, ஒன்றை பீரோவில் வைத்துவிடுங்கள். சாவியை அமைக்க, உள்நுழைவு விதிகள் இருக்கும் பாம் கோப்பைத் திருத்தும்போது இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்தே இருங்கள். சாவி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு அந்த டெர்மினலை மூடினால் போதும்.