பிளெட்டோடு திரும்பிவிடாதீர்கள்!

ஸ்லோவேனியா என்றால் வெளிநாட்டார் மனத்தில் எழுவது ஒரே ஒரு படம்தான். ஏரி, நடுவே தீவு, தீவில் தேவாலயம், பின்னணியில் ஆல்ப்ஸ் மலை. ஸ்லோவாக்கியாவோடு பெயரைக் குழப்பிக்கொள்பவர்கள்கூட அந்தப் படத்தைக் காட்டினால் "பிளெட் ஏரி!" என்றுவிடுவார்கள். வெனிஸிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் சுற்றுலாப் பேருந்துகளில் வருகிறார்கள். படகேறித் தீவுக்குப் போகிறார்கள், 99 படி ஏறுகிறார்கள், கோயில் மணியை இழுத்து வேண்டிக்கொள்கிறார்கள், ஊரின் பேர்போன கிரீம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பேருந்தையும் கை காட்டி நிறுத்தி, "இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பிளெட் பேரழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கட்டிப்போட்ட ஊர், அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் ராடோவ்லிட்சா. சின்னஞ்சிறு பழைய நகரம். அங்கே தேனீ வளர்ப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம்! 20 லட்சம் பேரைக் கொஞ்சம் தாண்டும் இந்த நாட்டில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் தேனீ வளர்க்கிறார். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தேன்பெட்டிகளின் முகப்புப் பலகையில் குடியானவர்கள் ஓவியம் தீட்டி வந்திருக்கிறார்கள். மாதா, புனிதர்கள் மட்டுமா? செத்துப்போன வேட்டைக்காரனின் சவப்பெட்டியைக் காட்டு மிருகங்களே தூக்கிப்போகும் ஊர்வலம் ஒரு பலகையில். என்ன குறும்பு, என்ன நிறம்! ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிட்டேன். தேனீக்கள் தம் வீட்டை அடையாளம் காணவும் இந்தப் படங்கள் உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்தப் பகுதியில் 1734இல் பிறந்த ஆன்டன் யான்ஷாவை, பேரரசி மரியா தெரசாவின் காலத்தில் தேனீ வளர்ப்பு ஆசிரியராக வியன்னாவில் அமர்த்தினார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற மே 20தான் இன்று உலகத் தேனீ தினம். ஸ்லோவேனியா முன்மொழிய, ஐ.நா. 2017இல் அறிவித்தது. நாம் கொண்டாடும் அந்த நாளுக்கு மூலம் இந்த மலையடிவாரம் என்று அங்கே நின்று உணர்ந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

தேனீக் குடில் ஒன்றுக்கும் போனேன். மரத்தாலான சிறு வீடு, சுவர் முழுக்க வண்ணப் பெட்டிகள். பெரியவர் ஒருவர் உள்ளே நின்று, பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோலச் சட்டத்தை உருவினார். முகத்தில் வலைகூட இல்லை! கார்னியோலா என்னும் இந்தச் சாம்பல் நிறத் தேனீ அவ்வளவு சாது. பிறகு கஷ்கொட்டைப் பூத் தேனை நாக்கில் வைத்தார். கரிய நிறம், இனிப்புக்கு அடியில் மெல்லிய கசப்பு. அதற்கு முன் நான் சாப்பிட்டதெல்லாம் தேனே இல்லை என்று தோன்றியது.

குகை பார்க்க எல்லோரும் போஸ்டோய்னாவுக்குப் போவார்கள். 1872 முதல் குகைக்குள் ரயில் ஓடும் இடம் அது, போகட்டும். நீங்கள் ஷ்கோட்சியானுக்கும் போங்கள். ரேகா ஆறு அப்படியே பூமிக்குள் பாய்ந்து, பாதாளப் பள்ளத்தாக்கில் முழங்கிக்கொண்டு ஓடுகிறது. ஏறக்குறைய 45 மீட்டர் உயரப் பாலத்தில் நடந்து கீழே பார்த்தால் கால் கூசும். அந்த நீர் மீண்டும் வெளியே வருவது எல்லைக்கு அப்பால், இத்தாலியில்!

தங்குவதற்குத் தலைநகர் லியுப்லியானாவே போதும். கட்டடக் கலைஞர் பிளெச்னிக் செதுக்கிய ஆற்றங்கரையில் காலையில் நடந்துவிட்டு ரயிலேறுங்கள். ராடோவ்லிட்சாவுக்கு நேர் வண்டி உண்டு. ஷ்கோட்சியானுக்கு திவாச்சாவில் இறங்க வேண்டும். முடிந்தால் மே மாதத்தில் போங்கள், தேனீக்கள் மும்முரமாக இருக்கும் பருவம் அது.