கோவா சோரிஸ்: எப்படி ரசிப்பது?

மாப்புசா ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செக்கச்செவேலென்று சரம் சரமாகத் தொங்கும் பன்றி இறைச்சிக்குக் கொங்கணியில் சோரிஸ் என்று பெயர். போர்ச்சுகீசியரின் ‘ஷோரீசு’ கோவாவில் அப்படிச் சுருங்கிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று ‘கோவா சாசேஜ்’ என்றும் சொல்வார்கள். இந்த இரண்டாவது பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. சாசேஜ் என்றதும் ஓட்டல் காலைப் பந்தியில் கிடக்கும் வழவழப்பான, வெளிறிய பண்டம் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு சோரிஸைக் கடித்தால் உப்பும் புளிப்பும் காரமும் ஒன்றாகத் தாக்கும்; தட்டைத் தள்ளிவிடுவீர்கள். அதை ஊறுகாய் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

செய்முறையும் ஊறுகாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இறைச்சியை அரைப்பதில்லை, கொழுப்போடு சேர்த்துக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். உப்பிட்டு, மேலே பாரம் வைத்து நீரை வடிக்கிறார்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் தென்னங்கள் வினிகரில் அரைத்து, அந்த விழுதில் ஊறப் போடுகிறார்கள். சில வீடுகளில் கொஞ்சம் ஃபெனி என்ற கோவா சாராயமும் சேரும். பிறகு குடலில் அடைத்து, நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி வெயிலில் காய விடுவார்கள். விறகடுப்புப் புகையில் தொங்கவிடுவதும் உண்டு. உப்பு, புளிப்பு, வெயில் மூன்றும் சேர்ந்து இறைச்சியைக் கெடாமல் காக்கின்றன. மழை தொடங்கினால் மீனும் சந்தையும் ஒடுங்கிவிடும் என்பதால், மே மாதத்திலேயே அரிசி, மிளகாய், கருவாட்டோடு சோரிஸையும் வாங்கி வைப்பது கோவாக்காரர்களின் பழைய வழக்கம்.

1510இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் தங்கள் ஊரில் திராட்சை மதுவும் பூண்டும் சேர்த்து இதைச் செய்தார்கள். இங்கே மதுவின் இடத்தைக் கள் வினிகர் எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களே கொண்டுவந்த மிளகாய் இந்தியக் கைகளில் தாராளமாக விழுந்தது. என் கணக்கில், மகன் அப்பனை மிஞ்சிவிட்டான்.

இதே குடும்பத்துப் பெயர் மற்ற நாடுகளிலும் உலவுகிறது. ஆனால் தட்டில் வருவது வேறு வேறு. ஸ்பெயினில் ‘சோரித்தோ’ என்றால் பெரும்பாலும் புகையூட்டிய மிளகாய்ப் பொடி போட்டு மாதக்கணக்கில் காயவைத்தது. மெல்லிய வில்லைகளாக நறுக்கி அப்படியே தின்பார்கள். மெக்சிகோவில் வினிகரும் மிளகாயும் சேர்ந்த பச்சை இறைச்சி. வதக்கித்தான் தின்ன வேண்டும். கோவாவுக்கு ருசியில் நெருங்கிய உறவு அதுதான். அர்ஜென்டினாவில் காரமே இருக்காது. நெருப்பில் சுட்டு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ஓட்டல் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்தால் எந்த நாட்டுப் பாணி என்று கேட்டுவிடுங்கள். ஸ்பெயின் பேச்சு வழக்கில் இந்தச் சொல்லுக்குத் திருடன் என்றும் பொருள் உண்டு. 2011இல் அங்கே வீதியில் இறங்கிய மக்கள், இத்தனை சோரித்தோவுக்கு ரொட்டி போதாது என்று எழுதிப் பிடித்தது அரசியல்வாதிகளைப் பார்த்துத்தான்.

சமையலுக்கு வருவோம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், உப்பும் வேண்டாம். தோலைக் கிழித்து உள்ளிருப்பதை வாணலியில் உதிர்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் வேகவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்றக் கொழுப்பு உருகிச் சிவந்த எண்ணெயாகப் பிரியும். அந்த எண்ணெய்தான் விஷயம். அதிலேயே நீளமாக அரிந்த வெங்காயத்தைக் கைநிறையப் போட்டு வதக்குங்கள். அதன் இனிப்பு இல்லாமல் சோரிஸின் புளிப்பு நிலைகொள்ளாது. உருளைக்கிழங்கு சேர்க்கலாம். அரிசியோடு புலாவாக்கினால் ஒவ்வொரு பருக்கையும் சிவக்கும்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ‘பொயி’ என்ற, தவிடு ஒட்டிய கோவா ரொட்டி. பிய்த்து, எண்ணெயில் தோய்த்து, ஒரு வாய்க்கு இரண்டு துண்டு இறைச்சி போதும். நல்ல சோரிஸில் புளிப்பு முன்னே வரும், காரம் நின்று வரும், கிராம்பும் புகையும் கடைசியில் தெரியும். இறைச்சித் துண்டு பல்லில் தனியாக அகப்பட வேண்டும். கூழாக இருந்தால் அரைத்துச் செய்தது. புளிப்பு தொண்டையை அறுத்தால் செயற்கை வினிகர் என்று சந்தேகப்படலாம். கொழுப்பே வேண்டாம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் பேசாமல் கோழி வாங்கிக்கொள்ளலாம்.

கோவாவுக்குப் போகிறவர்கள் முந்திரிப் பருப்போடு ஒரு சரமும் வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று ஸ்பெயின்காரர் போலப் பச்சையாக மட்டும் தின்றுவிடாதீர்கள். வேகவைத்தே சாப்பிட வேண்டும்.