தனுஷ் இல்லாத வெக்கை

பூமணியின் ‘வெக்கை’யை யாருக்காவது சிபாரிசு செய்ய இப்போது ஒரு வாக்கியம் போதும்: “அசுரன் கதைதான்.” 1982இல் வந்த நாவல், 2019இல் வந்த படம். முதலாவதைப் பல மடங்கு பேரிடம் கொண்டுசேர்த்தது இரண்டாவதுதான்; அதை மறுப்பது வீண். ஆனால் அந்த வாக்கியம் வாசகரை என்ன எதிர்பார்ப்போடு உள்ளே அனுப்புகிறது?

சினிமா என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாவலுக்கும் சினிமாவுக்குமான உறவு பழையது. 1939இல் கல்கியின் ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களே கதைக்குப் படங்களாக அச்சாயின. சம்பு சாஸ்திரியை யாரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அவராக நடித்த பாபநாசம் சிவனின் முகம் பக்கத்திலேயே இருந்தது. ஒரே கதை ஒரே காலத்தில் இரண்டு வடிவங்களில் வந்தது. அதில் ஏமாற்று ஏதுமில்லை.

‘பொன்னியின் செல்வ’னிலும் ஒப்பீடு பழுதில்லாமல் வேலை செய்கிறது. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் ஓடிய கதை. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிடும் முடிச்சோடுதான் அத்தியாயங்கள் நிற்கும். மணிரத்னத்தின் படங்களைப் பார்த்துவிட்டு ஐந்து பாகங்களையும் வாங்கியவருக்கு அதே வேகம் கிடைக்கும். படம் விட்டுவிட்ட சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் கூடுதல் லாபம்.

‘வெக்கை’ வேறு சங்கதி. வடக்கூரானின் கையை வெட்ட நினைத்துப் போன பதினைந்து வயதுச் சிதம்பரம் அவன் உயிரையே எடுத்துவிடுகிறான். நாவல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வணிகப் படம் இடைவேளைக்கு வைத்திருக்கும் சம்பவத்தைப் பூமணி முதல் பக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார். மிச்சமெல்லாம் தலைமறைவு நாட்கள். அய்யாவும் மகனும் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைத் தின்கிறார்கள், பேசுகிறார்கள், தூங்குகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். பழிவாங்கலின் சூடு தணிந்த பிறகு ஒரு பையனுக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதே நாவலின் விஷயம். அதை அறிவிப்பதில்லை; பசியையும் பேச்சையும் கொண்டே உணர்த்துகிறது.

‘அசுர’னில் வெற்றிமாறன் செய்தது நேரெதிர், அவர் அளவில் நியாயமும்கூட. மையத்தை மகனிடமிருந்து தந்தைக்கு மாற்றினார். பஞ்சமி நிலப் போராட்டத்தையும் எரிந்த குடிசைகளையும் முன்கதையாகச் சேர்த்தார். நாவல் பெயர் சொல்லாமல் உணர்த்தும் சாதியை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். தனுஷுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த தந்தை சிவசாமி இப்படி உருவானவர். அவரைத் தேடி ‘வெக்கை’யைத் திறப்பவர் ஐம்பதாம் பக்கத்தில் “இன்னும் ஃபிளாஷ்பேக் வரவில்லையே” என்று காத்திருப்பார். வராது.

பதிப்பாளர் தரப்பு வாதம் வலுவானது: பத்துப் பேரில் ஒன்பது பேர் ஏமாந்தாலும் ஒருவர் நல்ல வாசகராகத் தேறினால் போதாதா? விற்பனைக் கணக்கில் போதும்தான். மற்ற ஒன்பது பேரோ நாவல் என்பது படத்தின் மெதுவான பிரதி என்ற தீர்மானத்தோடு திரும்புகிறார்கள். அடுத்த முறை எந்தச் சிபாரிசும் அவர்களிடம் எடுபடாது. படமே வராத நாவல்களின் கதி இன்னும் மோசம்: அதே பூமணிக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த ‘அஞ்ஞாடி’யை எந்தப் படத்தோடு ஒப்பிட்டு விற்பது?

ஆகவே என் தீர்ப்பு இது. சம்பவங்களின் ஓட்டத்தால் இழுக்கும் நாவலுக்குப் படப் பெயர் பொருத்தமான அழைப்பு. மொழியாலும் நிதானத்தாலும் நிற்கும் நாவலுக்கு அந்தப் பெயரைச் சொல்லலாம், ஆனால் எந்த இடத்தில் படத்தைவிட்டு விலகுகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். “அசுரனில் பார்த்த அந்தப் பையனின் கதை, இதில் தனுஷ் இல்லை, காடுதான் இருக்கிறது” என்று பின்னட்டையில் போட்டால் விற்பனை கொஞ்சம் குறையலாம், வாங்கியவர் கடைசிப் பக்கம்வரை போவார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’க்கு இந்தச் சலுகையும் தர மாட்டேன். மகேந்திரன் அதிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘உதிரிப்பூக்க’ளைத் தன் போக்கில் வளர்த்தார், அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிக் குறுநாவலை விற்பது வாங்குபவரை ஏய்ப்பது.