கணக்கப்பிள்ளையின் சாம்ராஜ்யம்

சோழர்கள் கணினி விளையாட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்ற பூரிப்பு சில ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. 2022இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற இணைப்பு வந்தது. ‘திராவிடர்’ தனி நாகரிகமானார்கள். ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடரும் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ஓ சோழருக்கு நடுக்காலத்தில் ஓர் இருக்கை போட்டதோடு, தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயங்களின் வரிசையிலும் வைத்தது. நம் வரலாற்றை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் அந்த விளையாட்டைச் சற்று நேரம் ஆடிப் பார்க்கலாம். அதில் பெஞ்சமின் பிராங்க்ளின் சோழ நாட்டை ஆளலாம். அசோகர் நார்மன் கோட்டைகளைக் கட்டலாம். தலைவர் வேறு, நாகரிகம் வேறு; எதையும் எதனோடும் பொருத்திக்கொள்ளலாம்.

வடிவமைத்தவர்கள் படிக்காமல் செய்யவில்லை. சோழர் நகரத்தில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கட்டினால் ‘ஐந்நூற்றுவர்’ வட்டாரம் உருவாகிறது. நம் சரித்திர நாவல்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத வணிகக் குழுக்கள் இவை. ஆனால் அவை அங்கே செய்வதெல்லாம் கட்டத்தின் மேல் சில புள்ளிகளைக் கூட்டுவதுதான். பக்கத்து நாகரிகத்தின் தனிக் கட்டடமும் அதையேதான் செய்கிறது. சாயம் வேறு, எந்திரம் ஒன்று. அரசு என்றால் என்னவென்று அந்த எந்திரம் நினைக்கிறது என்று கேட்டால்தான் இந்தத் துறையின் அறுபதாண்டுக் கதை பிடிபடும்.

அந்தக் கதை படைத்தலைவனிடம் தொடங்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்ற ஊரில் பாடம் நடத்திய மேபல் ஆடிஸ் என்ற ஆசிரியையிடம் தொடங்குகிறது. 1964இல், ஐபிஎம் 7090 என்ற பெருங்கணினியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் ‘தி சுமேரியன் கேம்’ என்ற விளையாட்டை எழுதினார்; நிரலாக்கியவர் வில்லியம் மக்கே. திரையே கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு முனையம் செய்தியை அச்சடிக்கும். பிள்ளை லகாஷ் நகரத்தின் அரசன். இவ்வளவு தானியம் விளைந்திருக்கிறது, இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அமைச்சர் வந்து சொல்வார். எவ்வளவு உண்ணக் கொடுப்பது, எவ்வளவு விதைப்பது, எவ்வளவு சேமிப்பது? கேள்வி அவ்வளவுதான். அந்த நிரல் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. கணினி விளையாட்டை எழுதிய முதல் பெண் என்று இன்று குறிப்பிடப்படும் ஆடிஸுக்கு 2023இல் முன்னோடி விருது அறிவித்தார்கள். அவர் இறந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆன பிறகு.

செவிவழியாகக் கிடைத்த அந்த விளையாட்டின் சுருக்கத்தை டக் டைமன்ட் 1968இல் எழுத, அதை டேவிட் ஆல் பேசிக் மொழிக்கு மாற்றித் தன் 1973ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ‘ஹமுராபி’ என்று அச்சிட்டார். எண்பதுகளில் வீட்டுக் கணினி வாங்கிய எத்தனையோ பேர் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே தட்டச்சு செய்து ஆடியது இதைத்தான். நூறு மக்கள், ஆயிரம் ஏக்கர், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். ஆளுக்கு ஆண்டுக்கு இருபது புஷல் வேண்டும். ஒருவர் பத்து ஏக்கர்தான் உழ முடியும். எலி தின்னும், கொள்ளைநோய் வரும். ஒரே ஆண்டில் 45 விழுக்காட்டுக்கு மேல் பட்டினியில் செத்தால் உங்களைப் பதவியிலிருந்து விரட்டிவிடுவார்கள். பத்தாண்டு தாக்குப்பிடித்தால், எத்தனை பேரைச் சாகவிட்டாய், தலைக்கு எத்தனை ஏக்கர் மிச்சம் வைத்தாய் என்று பார்த்துத் தீர்ப்பு வரும். எதிரி நாடு என்ற ஒன்றே இல்லை. பின்னால் வந்த எந்தப் பேரரசு விளையாட்டும் ஆட்சியாளனிடம் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்டதில்லை.

அடுத்த இருபதாண்டை ஓட்டமாகக் கடந்துவிடலாம். 1977இல் வால்டர் பிரைட் எழுதிய ‘எம்பயர்’ வரைபடத்தின் இருட்டை விலக்கி நகரங்களைப் பிடிக்கும் ருசியைக் காட்டியது. 1984இல் டான் பன்டன் ‘செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்’ செய்தார். பின்னாளில் டேனி பன்டன் பெர்ரி என்று அறியப்பட்டவர், இந்தத் துறையின் மிக நேர்மையான மனம் அவருடையது. அதில் ஸ்பானியக் கப்பலோட்டியான நீங்கள் பூர்வகுடி ஊர்களில் பண்டமாற்றும் செய்யலாம், கொள்ளையும் அடிக்கலாம். எதைச் செய்தீர்கள் என்பது அடுத்த ஊரின் முகத்தில் தெரியும். ஜப்பானில் கோயே நிறுவனம் 1983இல் ‘நொபுநாகாவின் பேராசை’, 1985இல் ‘மூன்று ராஜ்யங்களின் கதை’ என்று இரண்டு தொடர்களைத் தொடங்கியது. அவற்றில் வெள்ளத் தடுப்புக்குப் பணம் ஒதுக்காத பிரபு போருக்குப் போகுமுன்பே தோற்றுவிடுவான். வரியை ஏற்றினால் கிளர்ச்சி, கவனிக்காமல் விட்ட தளபதி எதிரிப் பாசறையில். ஆடிஸின் களஞ்சியம் அங்கே அரிசி மூட்டையாக உயிரோடிருந்தது.

பிறகு 1991இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் செய்த ‘சிவிலைசேஷன்’. அதன் வசீகரத்தை மறுப்பவன் பொய்யன். இன்னும் ஒரே ஒரு முறை என்று விடியும்வரை உட்காரவைத்த விளையாட்டு அது. ஆனால் அதன் வரைபடத்தில் ஆங்காங்கே சின்னக் குடிசைகள் இருக்கும். உங்கள் வீரன் மிதித்தால் தங்கமோ புதிய அறிவோ கொடுத்துவிட்டுக் குடிசை மறைந்துபோகும். அங்கிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விளையாட்டு கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. 1994இல் வந்த ‘காலனைசேஷன்’ புதிய உலகத்தில் புகையிலையும் கரும்பும் பயிரிடச் சொல்லும். அடிமைமுறை மட்டும் அதில் கிடையாது! (‘சிவிலைசேஷன்’இல் காந்தி அணுகுண்டு வீசுவதற்கு முதல் பதிப்பிலிருந்த நிரல் பிழையே காரணம் என்ற கதையை இன்னமும் எழுதுகிறார்கள். அப்படியொரு பிழையே இல்லை என்று மையரே 2020இல் தன் நினைவுக் குறிப்பில் மறுத்துவிட்டார்.)

1993இல் ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் ஒரு விண்வெளி விளையாட்டைப் பற்றி எழுதும்போது கண்டறி, பரவு, சுரண்டு, அழி என்ற நான்கு வினைகளையும் ‘ஃபோர் எக்ஸ்’ என்று சேர்த்துக் கட்டினார். விளையாட்டாகச் சொன்னது இலக்கணமாகிவிட்டது. ஆள், ஊட்டு, சேமி என்பவற்றுக்கு அதில் இடமில்லை. 1997இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வந்து அந்த இலக்கணத்தின் வேகத்தைக் கூட்டியது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒரு தலைமுறை வரலாற்று விளையாட்டு என்று அறிந்தது அதன் இரண்டாம் பாகத்தைத்தான். அங்கே கிராமவாசி பெர்ரி பறிப்பது அவன் பசிக்கல்ல. உணவு என்பது அடுத்த வீரனின் விலை. குளிர்காலம் இல்லை, பஞ்சம் இல்லை, கிழடு தட்டுவதும் இல்லை.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இந்தத் துறையின் மிக நல்ல வேலையைச் செய்துகொண்டிருந்தது. ‘சீசர்’ 1992, ‘சீசர் 3’ 1998, ‘ஃபாரோ’ 1999, ‘சியூஸ்’ 2000. விற்காமல் போனவை அல்ல. ஆனால் பேரரசு விளையாட்டு என்ற பேச்சு வந்தால் இவற்றை ‘ஊர் கட்டும் விளையாட்டு’ என்று தனி அலமாரியில் ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஒதுக்கலுக்கு எதிரானதே என் வழக்கு.

‘சீசர் 3’இல் நீங்கள் ரோமின் ஒரு மாகாணத்து ஆளுநர். சந்தை கட்டினால் மட்டும் சோறு வராது. சந்தைக்காரி கூடையோடு தெருவில் நடந்து போக வேண்டும். அவள் கடந்துபோன வீட்டுக்குத்தான் கோதுமை. முச்சந்தியில் அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது அவள் இஷ்டம். அதனால் முச்சந்தியே இல்லாத தெருக்களை வரைய ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். தீ பிடிக்காமல் பார்க்க ஒருவர், கட்டடம் இடியாமல் பார்க்க ஒருவர், குளியலறைப் பணியாளர், ஆசிரியர், பூசாரி எல்லோரும் நடந்தாக வேண்டும். நிர்வாகம் என்பது கால் நடக்கும் தூரம் என்று இதற்கு முன்னும் பின்னும் எந்த விளையாட்டும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. சேவைகள் சேரச் சேரக் கூடாரம் குடிசையாகி, குடிசை வீடாகி, கடைசியில் மாளிகையாகும். மாளிகை எழுந்த நாளில்தான் விபரீதம் தெரியும்: அதில் குடியேறிய சீமான்கள் வேலைக்கு வரமாட்டார்கள். ஊர் அழகாக ஆக உழைக்கும் கை குறையும். நீரூற்றுக்கு ஆளில்லை, தீயணைக்க ஆளில்லை. திராட்சை மது ஒரு மாதம் வராவிட்டால் மாளிகை மறுபடி வீடாகிச் சுருங்கும். ரோமிலிருந்து சீசர் பாத்திரம் கேட்பார், தானியம் கேட்பார்; கொடுக்காமல் இழுத்தடித்தால் அவருடைய படையே உங்கள் மேல் வரும். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள உறவைப் பற்றி இவ்வளவு அறிந்த விளையாட்டைத்தான் நாம் பொழுதுபோக்குத் தோட்ட வேலையாக நினைக்கிறோம்.

‘ஃபாரோ’ இன்னும் ஆழம். வயல் நைல் வெள்ளச் சமவெளியில். ஆண்டுக்கொரு முறை ஆறு ஏறும். எவ்வளவு ஏறும் என்று பூசாரிகள் முன்கூட்டியே சொல்வார்கள். ஓசிரிஸ் தெய்வம் கோபித்தால் வெள்ளம் குறையும், அந்த ஆண்டு அறுவடை போச்சு. வயலில் இறங்கும் குடியானவர்களும் பிரமிடுக்குக் கல் இழுப்பவர்களும் ஒரே பணிமுகாமிலிருந்து வருகிறவர்கள். ஆகவே பிரமிடு என்பது மற்ற விளையாட்டுகளைப்போல ஒரு பொத்தான் அழுத்தி வாங்கும் ‘அதிசயம்’ அல்ல. ஊரை ஆண்டுக்கணக்கில் பட்டினி போடாமல் தாங்கிக்கொண்டு, மிஞ்சிய கையால் ஒவ்வொரு கல்லாக ஏற்ற வேண்டியது. வெற்றுக் கல்மேடாக நின்றிருந்த பிரமிடு இங்கேதான் ஒரு வரவு செலவுத் திட்டமாகப் புரிகிறது. 2004இல் இம்ப்ரெஷன்ஸ் நிறுவனத்தை மூடிவிட்டார்கள்.

மற்றப் பக்கத்திலும் சிலருக்கு உறைத்திருக்கிறது. 2005இன் ‘சிவிலைசேஷன் 4’இல் சோரன் ஜான்சன் ஒவ்வொரு புதிய நகரத்துக்கும் பராமரிப்புச் செலவை வைத்தார், கண்மூடிப் பரவினால் கஜானா காலி. அவரே 2021இல் தந்த ‘ஓல்ட் வேர்ல்ட்’இல் அரசன் ஒரு சுற்றில் இத்தனை ஆணைகள்தான் இட முடியும். பாரடாக்ஸ் நிறுவனத்தின் ‘விக்டோரியா 3’ ரொட்டி விலையிலிருந்து அரசியலைக் கிளப்புகிறது. போர்தான் அதில் சகிக்கவில்லை என்று ஆட்டக்காரர்கள் முனகினார்கள். எனக்கு அது பெருங்குறையாகப் படவில்லை.

இனி சோழருக்கு வருவோம். சுருள்வாள் வீரனும் கப்பலும் கிடைத்ததில் மகிழ்கிறவர்கள் மகிழட்டும். தஞ்சைக் கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்ததில் பெரும்பகுதி கணக்கு. தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் நடனப் பெண்கள் நானூறு பேர், ஒவ்வொருவர் பெயர், வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளப்பது ஆடவல்லான் என்னும் மரக்காலால். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, அதை மேய்க்கும் இடையர் நாளும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இதற்கெல்லாம் வருவாய் தர எழுதிவைத்த ஊர்களின் பட்டியல் ஈழ மண்டலம்வரை நீள்கிறது. உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம், அதற்குக் குடவோலையில் ஆள் எடுப்பு. ஹமுராபிக்குக் கற்பனை எண்கள் வேண்டியிருந்தன. இங்கே தொடக்க நிலவரம் கல்லிலேயே இருக்கிறது: நடனப் பெண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு நாற்பதாயிரம் கலம் அளந்தாக வேண்டும். இனி ஆட்டம்: மழை பொய்த்திருக்கிறது, ஏரியில் வண்டல் தூர்ந்து கிடக்கிறது, தூர்வாரும் கைகளுக்கும் கூலி நெல்தான். படையெடுப்புக்கு நெல் கேட்டு அரசனின் ஓலையும் வந்துவிட்டது. முதலில் எதைக் குறைப்பீர்கள்?