மூன்று ஆட்டத்தில் முடியும் தெரிவு

இலங்கையின் இளையோர் தேசிய உதைபந்தாட்ட அணிகளுக்குப் பையன்கள் வருவது பெரும்பாலும் பாடசாலைகளிலிருந்துதான். வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று நடக்கும் பாடசாலைச் சுற்றுப்போட்டிகளில் கண்ணில் படுகிறவர்கள் தெரிவுக்கு அழைக்கப்படுகிறார்கள். தெரிவில் தேறியவர்கள் சில வாரம் முகாமில் பயிற்சி பெற்று, ஒரு சுற்றுப்போட்டி ஆடிவிட்டு வீடு திரும்புகிறார்கள். பதினேழு வயது அணியானாலும் இருபது வயது அணியானாலும் நடைமுறை இதுதான். இதன் நிறையும் குறையும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நின்று பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும். பாடசாலையை அடித்தளமாக வைத்தது சரி. அதன்மேல் எதையும் கட்டாமல் இத்தனை காலம் விட்டதுதான் தவறு.

இந்த நாட்டு உதைபந்தாட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சங்கம் அமைந்தது 1939இல், ஃபிபாவில் சேர்ந்தது 1952இல். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று கிண்ணம் எடுத்தோம். 1998இல் உலகத் தரவரிசையில் 122ஆவது இடம்வரை ஏறினோம். 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதியாட்டத்துக்கும் போனோம். அதே நாடுதான் 2022இல் 207ஆவது இடத்துக்கு இறங்கியது.

இளையோர் அணிகளின் கணக்கு இதைவிட மெலிந்தது. தெற்காசிய அளவில் சிறுவர், இளையோர் கிண்ணங்கள் 2011 முதல் நடக்கின்றன. பங்களாதேசும் நேபாளமும் அவற்றை வென்றிருக்கின்றன. இலங்கைப் பையன்கள் ஒன்றைக்கூட வென்றதில்லை. 2022இல் பதினேழு வயதுக் கிண்ணம் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்திலேயே நடந்தது. அங்கும் இறுதியாட்டம் ஆடியவை இந்தியாவும் நேபாளமும்தான்.

இந்தச் சரிவுக்குப் பையன்களின் திறமைக் குறைவு காரணம் என்று வாவிக்கரையில் யாரும் நம்பமாட்டார்கள். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இருக்கும் ஊர் இது. இங்கே பாடசாலை விளையாட்டுக்குத் தலைமுறைகளின் வேர் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்து மறைந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத்தான் நகரின் முதன்மை மைதானம் தாங்கி நிற்கிறது. போர்க்காலத்தில் பாடசாலைகள் அகதி முகாம்களாகின. 2004 ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் கரைகளைச் சிதைத்தது. அத்தனைக்குப் பிறகும் ஊர்தோறும் கழகங்கள் எழுந்தன. இறந்த நண்பனின் பெயரில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடத்தாத கிராமம் இங்கே குறைவு.

பாடசாலை முறையின் முதல் நிறை அதன் பரப்பு. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து கல்வி வலயங்கள், கிழக்கு மாகாணத்தில் பதினேழு. வேறெந்த விளையாட்டு அமைப்பின் கையும் இவ்வளவு தூரம் எட்டுவதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலோடு வாழும் குடும்பத்துப் பையனும் கட்டணம் கட்டாமல் போட்டிக்கு வரமுடிகிறது. இரண்டாவது நிறை, பையனை அறிந்த ஆசிரியர். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, அப்பா தோணியில் போகிறாரா, அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறாரா என்பதெல்லாம் உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வரும் எந்தத் தெரிவாளருக்கும் அது தெரியாது.

மூன்றாவது நிறையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடிப் பையன்களும் மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடிப் பையன்களும் ஒரே மைதானத்தில் இறங்குவது இந்தப் போட்டிகளில்தான். 1990 வன்முறையின் காயங்கள் இன்னும் ஆறாத மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்து வளர்வது எந்தக் கிண்ணத்தையும்விடப் பெரிய காரியம்.

இனிக் குறைகள். மாகாணப் போட்டி நாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை அணி விடியுமுன் வான் வண்டியில் ஏறுகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு வாவியைக் கடக்கவே படகுப் பாதைக்குக் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த மட்டில் இன்று வசதி. மைதானத்துக்குப் போனால் உச்சி வெயில். கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிறது. நேரம் போதாதென்று ஆட்டநேரம் சுருக்கப்படுகிறது. முதல் ஆட்டம் வெற்றி, இரண்டாவதும் வெற்றி. மூன்றாவது ஆட்டம் சமநிலையில் முடிந்து, தண்ட உதையில் ஒருவன் பந்தைக் கம்பத்தில் அடிக்க, அணி வெளியே. அந்த அணியின் நடுக்கள வீரன் அன்றைக்கு மைதானத்திலேயே மிகச் சிறந்தவனாக இருந்திருக்கலாம். அவனுடைய ஆண்டு அத்தோடு முடிந்தது. உதைபந்தாட்டக்காரன் வளர்வது ஆட்டங்களின் எண்ணிக்கையில். தோற்றால் வெளியே என்ற முறை நல்ல அணிக்கு மட்டும் கூடுதல் ஆட்டம் தருகிறது. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவனை முதலில் வீட்டுக்கு அனுப்புகிறது.

இரண்டாவது குறை பரீட்சை. பதினாறில் சாதாரண தரம், பதினெட்டு பத்தொன்பதில் உயர்தரம். இளையோர் தேசிய அணிகளின் வயதும் இதுதான். ரியூசன் வகுப்பை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிற பிள்ளையைத் தடுக்கும் பெற்றோரை நான் குறைசொல்லமாட்டேன். உதைபந்தாட்டம் அவனுக்குச் சோறு போடும் என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களில் வடக்கையோ கிழக்கையோ சேர்ந்தது ஒன்றுகூட இருக்கவில்லை. பாடசாலையை விட்டதும் பையன் போய்ச் சேர இந்த மாகாணத்தில் உயர்மட்டக் கழகமே கிடையாது.

மூன்றாவது குறை நிலையின்மை. கூட்டிக் கலைக்கும் அணிக்கு நினைவு இருப்பதில்லை. போன ஆண்டுப் பயிற்றுநர் கண்ட குறையை இந்த ஆண்டுப் பயிற்றுநர் முதலிலிருந்து கண்டுபிடிக்கிறார். நிர்வாகச் சண்டையின் விலையையும் பிள்ளைகளே கொடுக்கிறார்கள். அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்கியது ஓகஸ்ட் கடைசியில். அந்த இடைவெளியில் பெங்களூருவில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. மூத்த வீரருக்கு அடுத்த ஆண்டு உண்டு. வயதெல்லை தாண்டும் பையனுக்கு இல்லை.

இப்போது மூத்த அணி வேறு வழியில் தலைநிமிர்கிறது. ஜேர்மனியில் பிறந்த கிளவுடியோ கம்மர்க்னெக்ட், லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா போன்றோர் வந்து ஆடுகிறார்கள். 2024 செப்டம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனோம். அவர்கள் வரவை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவர்களை உருவாக்கியவை ஐரோப்பாவின் பயிற்சிக்கூடங்கள். அந்த வெற்றியைக் காட்டி உள்ளூர்க் குறையை மறைக்கக்கூடாது.

அயல்நாடுகள் செய்ததைப் பாருங்கள். பங்களாதேசம் சாவாரில் அரசு விளையாட்டுக் கல்லூரியை 1980களிலேயே நிறுவி, படிப்பையும் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. நேபாளச் சங்கம் சொந்தப் பயிற்சிக்கூடம் நடத்துகிறது. பிள்ளைகளைச் சிறுவயதில் வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது தீங்கு என்பார்கள் சிலர். அது நியாயமான கவலை. அதனால்தான் எல்லாரையும் கொழும்புக்கு அழைக்கும் ஒற்றைக் கூடத்தை நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய மாகாண மையங்கள்தான் நமக்கு வேண்டும்.

மட்டக்களப்புக்கு இதில் இயற்கையே துணை. இங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை. அப்போது வாவி நிரம்பும், கரையோர மைதானங்களில் தண்ணீர் தேங்கும். கொழும்பு தென்மேல் பருவமழையில் நனையும் மே, ஜூனில் நம் மைதானங்கள் காய்ந்து கிடக்கும். தெற்காசிய இளையோர் கிண்ணங்கள் பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டம்பரில் வருவதால், தேசிய முகாமை மே, ஜூனில் கிழக்கில் நடத்துவதே அறிவு. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் உதயதேவி ரயிலில் பயணித்துக் களைத்த காலோடு தெரிவில் ஓடும் பையனை, சொந்த மண்ணில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

கல்வி அமைச்சிடமும் உதைபந்தாட்டச் சம்மேளனத்திடமும் கேட்பது மூன்று. பெப்ரவரியிலிருந்து செப்டம்பர்வரை எல்லா அணிக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டம் கிடைக்கும் வலய லீக் நடத்துங்கள். தெரிவாளர்களை ஆண்டுக்கு இருமுறையாவது இங்கே அனுப்புங்கள். முகாமுக்குப் போகும் பிள்ளையின் பாடத்துக்குப் பாடசாலை பொறுப்பேற்க வழிசெய்யுங்கள். இவற்றுக்குப் புதிய மைதானம் எதுவும் தேவையில்லை; இருக்கிற மைதானம், இருக்கிற ஆசிரியர், மாற்றி எழுதிய ஒரு நாட்காட்டி போதும். அதைச் செய்யாதவரை, இளையோர் தேசிய அணி என்ற பெயருக்கு அந்த அணி முழுத் தகுதி பெறாது.